மோட்டார் ஓடுகிறது, வண்டி ஏன் எழவில்லை?

மின்சார ஹைட்ராலிக் ஜாக்கி பழுதாகும் விதமே ஆளைக் குழப்பும். பட்டனை அழுத்துகிறீர்கள், மோட்டார் சத்தம் போடுகிறது, கார் மட்டும் இருந்த இடத்தில் அப்படியே நிற்கிறது. இல்லையென்றால் அதைவிட மோசமானது நடக்கும். வண்டி ஒழுங்காக எழும். சக்கர நட்டைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது ஓசையில்லாமல் கீழே இறங்கத் தொடங்கும். இரண்டிலுமே மின்சாரம் வருகிறது, மோட்டார் சுழல்கிறது, வெளியே ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கசியவில்லை. பிறகு எதுதான் கெட்டது?

இதற்குப் பதில் தேடும் முன் இன்னொரு கேள்வி இருக்கிறது. செல்போன் சார்ஜரைச் செருகும் அதே 12 வோல்ட் சாக்கெட்டில் இந்தக் கருவியையும் செருகுகிறோம். ஒரு டன்னுக்கு மேல் கனக்கும் வண்டியின் ஒரு மூலையைத் தூக்கும் பலம் அதற்கு எங்கிருந்து வருகிறது?

பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் 1662ல் இறந்தார். திரவங்களின் சமநிலை பற்றி அவர் எழுதிவைத்திருந்த நூல் மறு ஆண்டு வெளியானது. அதில் ஓர் இயந்திரம் வருகிறது. தண்ணீர் நிரம்பிய மூடிய பாத்திரத்தில் இரண்டு திறப்புகள். ஒன்று மற்றதைவிட நூறு மடங்கு பெரியது. இரண்டிலும் இறுக்கமான பிஸ்டன்கள். சிறிய பிஸ்டனை ஒருவர் அழுத்தினால், பெரிய பிஸ்டனை அழுத்தும் நூறு பேருக்கு அவர் ஒருவரே ஈடுகொடுப்பார் என்றார் பாஸ்கல். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவுகிறது என்பதுதான் காரணம். அழுத்தம் என்பது ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மேல் விழும் பாரம். பரப்பு பெருகினால் மொத்த பாரமும் பெருகும்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு ஜாக்கியின் பெரிய பிஸ்டன் 30 மி.மீ., சிறிய பிஸ்டன் 8 மி.மீ. குறுக்களவு என்று வைத்துக்கொள்வோம். பரப்பில் பெரியது சிறியதைப் போல் 14 மடங்கு. காரின் ஒரு மூலையில் 500 கிலோ பாரம் இருந்தால், சிறிய பிஸ்டனைத் தள்ள 36 கிலோ போதும். இந்தச் சலுகைக்கு விலை உண்டு. பெரிய பிஸ்டன் 20 செ.மீ. உயர 140 மில்லி எண்ணெய் அதன் அடியில் போய்ச் சேர வேண்டும். சிறிய பிஸ்டன் ஒரு முறை ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் அரை மில்லிதான் தள்ளும். ஆக 280 முறை குத்த வேண்டும். பழைய ஜாக்கியில் நாம் கைப்பிடியை ஏற்றி இறக்கிச் செய்த வேலை இது. புதியதில் மோட்டாரும், பற்சக்கரங்களும், மையம் விலகிய ஒரு சக்கரமும் சேர்ந்து அதைச் செய்கின்றன. மோட்டாருக்கு அசுர பலம் தேவையில்லை, சலிக்காமல் குத்தினால் போதும்.

குத்திய எண்ணெய் திரும்பி ஓடிவிடாமல் இருப்பது எப்படி? இதை விளங்கிக்கொள்ள வீட்டுக் கொல்லையில் இருந்த அடிபம்பைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அதில் தண்ணீரை மேலே மட்டும் விடும் ஒரு மூடி அடியில் இருக்கும். பிஸ்டனோடு ஏறி இறங்கும் தோல் வாஷர் ஒன்று இருக்கும். கைப்பிடியை ஓர் அடி அடித்தால் உறிஞ்சும், மறு அடியில் வெளியே தள்ளும். ஜாக்கிக்குள்ளும் இதே ஏற்பாடுதான். எண்ணெய்த் தொட்டியிலிருந்து உறிஞ்ச ஓர் ஒருவழி வால்வு, பெரிய பிஸ்டனுக்குத் தள்ள இன்னோர் ஒருவழி வால்வு. இரண்டும் பெரும்பாலும் சின்ன எஃகுக் குண்டுகள். வட்டமான இருக்கையில் உட்கார்ந்து வழியை அடைக்கும், ஒரு திசையில் மட்டும் எழுந்து வழிவிடும். அடிபம்பில் இல்லாத இரண்டு வால்வுகளும் ஜாக்கியில் உண்டு. ஒன்று ரிலீஸ் வால்வு: திறந்தால் எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும், வண்டி இறங்கும். மற்றொன்று காப்பு வால்வு: அளவுக்கு மீறிய பாரம் ஏறினால் தானே திறந்து எண்ணெயை வெளியேற்றிவிடும். பழுதுகளில் பெரும்பாலானவை இந்த நாலு வால்வுகளிலும் பிஸ்டனைச் சுற்றி எண்ணெயை அடைக்கும் சீல்களிலும் மின்கம்பியிலும்தான் ஒளிந்திருக்கின்றன.

தேடத் தொடங்குமுன் ஒரு நிபந்தனை. காருக்கு அடியில் இருக்கும் ஜாக்கியைச் சோதிக்காதீர்கள். முதலில் வண்டியைத் தாங்க வேறொன்று வேண்டும். ஸ்டாண்ட் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஸ்டெப்னியைப் படுக்கவைத்துச் சேஸிசுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். அது சரியான தாங்கல் ஆகாது, விழும் தூரத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். பிறகு மெல்ல இறக்கி, ஜாக்கியை வெளியே எடுத்து, சமதளத்தில் பாரமில்லாமல் ஓட்டிப் பாருங்கள். எந்தத் திருகைத் தொடுவதானாலும் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்.

மோட்டார் சத்தமே இல்லையென்றால் எண்ணெய்ப் பக்கம் போகவே வேண்டாம். பல கார்களில் அந்தச் சாக்கெட் சாவியைத் திருப்பினால்தான் உயிர்பெறும். பிளக்கின் நுனியில் ஸ்பிரிங்கில் ஆடும் பித்தளைக் குமிழ் கருத்துப்போயிருக்கலாம். சாக்கெட்டின் ஃப்யூஸ் போயிருக்கலாம். இந்த வகை ஜாக்கிகள் 10 ஆம்பியருக்கு மேலேயே இழுக்கக்கூடியவை. சாக்கெட்டின் ஃப்யூஸ் அதே அளவில் இருந்தால் பாரம் ஏறியதும் உருகிவிடும். அப்போது பெரிய ஃப்யூஸ் போடுவது, கம்பி சுற்றுவது, சிகரெட் அட்டையின் ஈயத்தாளைச் செருகுவது என்று நம்மூரில் வழிகள் பல. எல்லாமே ஃப்யூசைக் காப்பாற்றி வயரை எரிக்கும் வழிகள். பேட்டரி முனையில் நேராகக் கவ்வும் கிளிப்புகளும் ஃப்யூசும் கருவியோடு வந்திருந்தால் அவற்றைப் பயன்படுத்துங்கள்.

மின்சாரப் பக்கத்தில் பலரை ஏமாற்றும் ஒன்று உண்டு. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் சாக்கெட்டில் 12.5 வோல்ட் காட்டும். மின்சாரம் சரியாக இருக்கிறது என்று முடிவுகட்டி ஜாக்கியைப் பிரிக்க உட்கார்ந்துவிடுவார்கள். மீட்டர் தனக்கென்று இழுக்கும் மின்னோட்டம் ஏறத்தாழப் பூச்சியம். மின்னோட்டம் இல்லாதபோது தளர்ந்த இணைப்பும் நல்ல இணைப்பும் ஒரே எண்ணைத்தான் காட்டும். மோட்டார் 12 ஆம்பியர் இழுக்கும்போது, வழியில் எங்கோ ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்கு மின்தடை இருந்தாலே 1.2 வோல்ட் அங்கேயே சூடாகத் தொலைந்துபோகும். இதை மின்னழுத்த இறக்கம் என்கிறோம். எனவே மோட்டார் ஓடும்போது அளக்க வேண்டும். ஓடாதபோது 12.5, ஓடும்போது 10 என்றால் குற்றவாளி ஜாக்கி அல்ல, பேட்டரியோ வயரோதான். மீட்டர் இல்லாதவர்கள் ஓட்டி நிறுத்திய உடனே பிளக்கைத் தொட்டுப் பார்க்கலாம். கை வைக்க முடியாத சூடு இருந்தால் வோல்ட் தொலைந்த இடம் அதுதான். இந்தச் சோதனையை இன்ஜின் ஓடும் நிலையில் செய்வதானால் திறந்தவெளியில் செய்யுங்கள். மூடிய கார் ஷெட்டில் புகைக்குழாயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது.

மோட்டார் ஓடியும் வண்டி எழவில்லையென்றால் காதைப் பயன்படுத்துங்கள். நேர்மின்னோட்ட மோட்டார் பாரமில்லாதபோது வேகமாகச் சுழன்று மெல்லிய உயர்ந்த குரலில் பாடும். பாரம் ஏற ஏற வேகம் குறைந்து குரல் கட்டையாகும், இழுக்கும் மின்னோட்டமும் கூடும். காருக்கு அடியில் வைத்தும் குரல் மாறாமல் கீச்சென்றே ஓடுகிறதென்றால், உள்ளே அழுத்தம் உருவாகவே இல்லை. ரிலீஸ் வால்வு முழுதாக மூடாதிருக்கலாம், எண்ணெய் குறைந்திருக்கலாம், காற்று புகுந்திருக்கலாம், பற்சக்கரம் மழுங்கி மோட்டார் தனியாகச் சுற்றலாம். குரல் கட்டையாகி, ஆனாலும் பெரிய பிஸ்டனின் தண்டு ஏறவில்லையென்றால் கதை வேறு: அழுத்தம் உருவாகிறது, எங்கோ தப்பித்துப் போகிறது. பாரம் ஜாக்கியின் தகுதிக்கு மேலாக இருந்து காப்பு வால்வு திறந்திருக்கலாம். தள்ளும் வால்வின் குண்டு சரியாக உட்காராமல் குத்திய எண்ணெய் ஒவ்வொரு முறையும் பின்னால் வரலாம். ஒரு ஸ்குரூவைக்கூடத் திருகாமல் பழுதை இரண்டாகப் பிரித்துவிட்டோம்.

காற்று புகுந்திருப்பது மிகச் சாதாரணமாக நடப்பது. டிக்கியில் படுத்துக் கிடந்து வளைவுக்கு வளைவு உருளும் ஜாக்கியில் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி, உறிஞ்சும் வாயில் காற்று நுழைந்துவிடும். பார்க்க ஒன்றுமில்லாத விஷயம். ஆனால் 500 கிலோவைத் தூக்க நமது ஜாக்கிக்குள் சதுர சென்டிமீட்டருக்கு 70 கிலோ அழுத்தம் வேண்டும், கார் டயரில் இருப்பதைப் போல் முப்பது மடங்கு. அந்த அழுத்தத்தில் எண்ணெய் அரை சதவீதம்தான் சுருங்கும். காற்றோ எழுபதில் ஒரு பங்காகிவிடும். சிறிய பிஸ்டனின் அறையில் காற்று இருந்தால், பிஸ்டன் உள்ளே போகும்போது அது சுருங்கும், வெளியே வரும்போது விரியும். தள்ளும் வால்வு திறக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறாது. மோட்டார் பாட்டுக்கு ஓடும், எண்ணெய் நகராது. அடிபம்பு காற்று வாங்கினால் மேலே ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி அடிப்போம் அல்லவா? இங்கேயும் அதே வைத்தியம்தான். ஜாக்கியை நிமிர்த்தி வைத்து, பாரமில்லாமல், ரிலீஸ் வால்வைத் திறந்து வைத்துச் சிறிது நேரம் ஓட்டினால் எண்ணெய் சுற்றிவந்து காற்றைத் தொட்டிக்குத் தள்ளிவிடும். வால்வு இருக்கையில் உட்கார்ந்த தூசியும் பல நேரம் இதிலேயே அடித்துக்கொண்டு போய்விடும். சில மாடல்களில் ரிலீஸ் வால்வைக் கையால் திருகலாம். வேறு சிலவற்றில் அது ரிமோட்டின் இறக்கும் பட்டனோடு இணைந்திருக்கும். கருவியோடு வந்த கையேட்டில் முறை இருக்கும். மோட்டார் சூடானால் நிறுத்தி ஆறவிடுங்கள். இவை தொடர்ந்து ஓடக் கட்டப்பட்டவை அல்ல.

எண்ணெய் ஊற்றுவதானால் தண்டு முழுவதும் இறங்கியிருக்க வேண்டும். தண்டு மேலே இருக்கும்போது தொட்டி குறைந்துதான் தெரியும்; குறைந்த எண்ணெய் தண்டுக்கு அடியில் இருக்கிறது. அப்போது நிரப்பிவிட்டு இறக்கினால், திரும்பி வரும் எண்ணெய்க்கு இடமில்லாமல் மூடியைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வரும். என்ன எண்ணெய் என்பது அதைவிட முக்கியம். ஹைட்ராலிக் எண்ணெய் என்று கேட்டு வாங்குங்கள். அதன் பாகுத்தன்மை, அதாவது ஓடும்போது காட்டும் கெட்டித்தன்மை, கையேட்டில் சொன்ன அளவில் இருக்க வேண்டும். அவசரத்துக்குப் பிரேக் ஆயிலை ஊற்றுபவர்கள் உண்டு. வழக்கமான பிரேக் ஆயில் கிளைக்கால் வகைத் திரவம். ஜாக்கியில் இருக்கும் நைட்ரைல் ரப்பர் சீல்கள் கனிம எண்ணெய்க்காகச் செய்தவை. கிளைக்கால் பட்டால் ரப்பர் ஊறி, தன் வடிவம் கெட்டு, உறுதியும் போய்விடும். முதல் நாள் ஜாக்கி வேலை செய்யும், அதுதான் ஆபத்து.

சீல் என்பது சாதாரண விஷயமில்லை. பாஸ்கல் சொன்ன இயந்திரம் நூற்று முப்பது ஆண்டு காகிதத்திலேயே கிடந்தது. 1795ல்தான் ஜோசப் பிரமா என்ற ஆங்கிலேயர் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை பெற்றார். அவருக்கும் முதலில் பெரிய தலைவலியாக இருந்தது பிஸ்டனைச் சுற்றிக் கசிந்த தண்ணீர். இறுக்கிக் கட்டினால் பிஸ்டன் நகராது, தளர்த்தினால் ஒழுகும். கிண்ணம்போல் வளைத்த தோல் வளையம் அதைத் தீர்த்தது. அதன் பள்ளத்துக்குள் அழுத்தம் ஏற ஏற, ஓரம் தானாகவே பிஸ்டனோடு இறுகும். அந்த யோசனை பிரமாவின் பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லேயினுடையது என்று வழக்கமாகச் சொல்வார்கள். இன்று தோலுக்குப் பதில் ரப்பரும் பாலியூரித்தேனும் வந்திருக்கின்றன, வேலை செய்யும் விதம் மாறவில்லை. பளபளப்பான தண்டில் ஒரு துருப்புள்ளியோ கீறலோ விழுந்தால், ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் சீலின் ஓரத்தை அது அராவும். சீலை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை, தண்டுதான் போயிற்று.

இப்போது இறங்கும் வண்டிக்கு வருவோம். இறங்குவது எது என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். சித்திரை வெயிலில் இளகிய தார்ச் சாலையில் ஜாக்கியின் அடித்தட்டே புதைந்து இறங்கும். பழி ஜாக்கியின்மேல் விழும். தண்டு உள்ளே நுழையும் கழுத்தை ஒட்டி மார்க்கர் பேனாவால் மெல்லிய கோடு போடுங்கள், ஆணியால் கீற வேண்டாம். கோடு அப்படியே இருந்து வண்டி இறங்கினால் தரைதான் காரணம். கெட்டியான பலகை வைத்தால் சரியாகிவிடும். கோடு கழுத்துக்குள் போய் மறைந்தால் எண்ணெய் தப்பிக்கிறது. கழுத்தையும் அடிப்பகுதியையும் பனியன் வேஸ்ட்டால் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஈரம் திரும்பத் தெரிந்தால் பெரும்பாலும் சீல். காய்ந்தே இருந்தால் கசிவு உள்ளுக்குள், ஏதோ ஒரு வால்வு வழியே தொட்டிக்குப் போகிறது. சந்தேகத்தில் முதலிடம் ரிலீஸ் வால்வுக்கு.

உள்கசிவு எவ்வளவு சிறியதாக இருந்தால் போதும் தெரியுமா? ஒரு சொட்டு ஏறத்தாழ ஒரு மில்லியில் இருபதில் ஒரு பங்கு. விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் எண்ணெய் திரும்பினால், நமது 30 மி.மீ. பிஸ்டன் நிமிடத்துக்கு 4 மி.மீ. இறங்கும். பத்து நிமிடத்தில் 4 செ.மீ. ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டும் நேரம் அது. அந்தக் கசிவுக்குக் குண்டுக்கும் இருக்கைக்கும் நடுவே ஓர் உலோகத் துகள் சிக்கினால் போதும். வேறு வார்த்தையில் சொன்னால், கார் நிற்பது எஃகின்மேல் அல்ல. சில மில்லிமீட்டர் அகலமுள்ள குண்டு ஒன்று, மெல்லிய ஒரு வட்டக் கோட்டில் சுத்தமாகப் பொருந்தி உட்கார்ந்திருக்கிறது என்ற நம்பிக்கையின்மேல் நிற்கிறது. எண்ணெய் சூடேறினால் நீர்த்துப்போய் இதே இடுக்கில் இன்னும் வேகமாகக் கசியும். காலையில் தாங்கிய ஜாக்கி மத்தியானம் இறங்கினால் ஆச்சரியமில்லை.

இந்த அவநம்பிக்கைக்கு ஒரு பெரிய முன்னுதாரணம் இருக்கிறது. வேல்ஸ் நாட்டின் மெனாய் நீரிணையில் பிரிட்டானியா ரயில் பாலம் கட்டியபோது, ஒவ்வொன்றும் 1,500 டன்னுக்கு மேல் கனக்கும் இரும்புக் குழாய்களை ஹைட்ராலிக் பிரஸ்களைக் கொண்டு மேலே தூக்கினார்கள். பொறியாளர் ராபர்ட் ஸ்டீபன்சன் ஒரு கட்டளை போட்டிருந்தார்: குழாய் எழ எழ, அடியில் உடனுக்குடன் அண்டைகொடுத்துக்கொண்டே வர வேண்டும். வேலை இழுக்கிறதே என்று பிறருக்கு அலுப்பு வந்திருக்கும். 1849 ஆகஸ்டில் ஒரு பிரஸ்ஸின் சிலிண்டர் அடிப்பகுதி வெடித்துப் பெயர்ந்தது. குழாய் சில அங்குலம் மட்டும் விழுந்து அண்டையின்மேல் உட்கார்ந்தது. பாலம் பிழைத்தது. அந்தக் காலத்தின் மிகப் பெரிய பிரஸ்ஸை நம்பாதவர் அவர். நாம் டிக்கியில் உருண்ட ஒன்றை நம்பிக் காருக்கு அடியில் தலையை நுழைக்கிறோம்.

நம்பக்கூடாத வேறு இரண்டும் உண்டு. ஹேண்ட்பிரேக் பெரும்பாலான கார்களில் பின்சக்கரங்களை மட்டும் பிடிக்கும். அதில் ஒன்றைத் தூக்கினால் பிடியில் பாதி போயிற்று. கியரில் போட்டிருக்கிறேனே என்பீர்கள். முன்சக்கரங்களால் ஓடும் காரில் ஒரு முன்சக்கரம் அந்தரத்தில் இருந்தால், டிஃபரன்ஷியல் வழியாக அது சுதந்திரமாகச் சுழலும். தரையில் இருக்கும் மற்றதைக் கியரால் பிடித்து நிறுத்த முடியாது. தூக்கும் சக்கரத்துக்கு எதிர்மூலைச் சக்கரத்தின் முன்னும் பின்னும் கட்டையோ கல்லோ வைப்பது இதனால்தான்.

பிரித்துப் பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்கு இரண்டு இடங்களில் தடை போட வேண்டியிருக்கிறது. காப்பு வால்வின் திருகைத் தொடாதீர்கள். அதை இறுக்கினால் ஜாக்கிக்குப் பலம் கூடியதுபோல் தோன்றும். சிலிண்டர் எந்த அழுத்தத்துக்குக் கட்டப்பட்டதோ அதைத் தாண்டிப் போகிறீர்கள், எச்சரிக்க யாரும் இல்லை. இரண்டாவது, அழுத்தத்தில் இருக்கும் ஜாக்கியின் கசிவை விரலால் தடவித் தேடாதீர்கள். ஊசித்துளையில் பீறிடும் எண்ணெய்க்குத் தோலைத் துளைத்துச் சதைக்குள் போகும் வேகம் உண்டு. வெளியே பார்த்தால் ஒரு சிவப்புப் புள்ளி, வலிகூட அதிகம் இருக்காது. உள்ளே திசு அழியத் தொடங்கியிருக்கும். அப்படிப் பட்டால் உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும், எண்ணெய் பாய்ந்தது என்று சொல்ல வேண்டும். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டு போதும்.

எல்லாம் சரிசெய்தாயிற்று என்று தோன்றிய பிறகு ஒரே ஒரு சோதனை பாக்கி. கெட்டியான சமதளத்தில், சக்கரங்களைக் கழற்றாமல், எதிர்மூலைச் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஒரு டயர் தரையைவிட்டு ஒரு விரல் உயரம் மட்டும் எழும்படி தூக்குங்கள். யாரும் அருகில் நிற்க வேண்டாம், குழந்தைகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். தண்டில் கோடு போட்டு, கால் மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். ஜாக்கி தோற்றாலும் டயர் ஒரு விரல் இறங்கித் தரையைத் தொடும், அதற்குமேல் ஒன்றும் ஆகாது. கோடு நகரவில்லையென்றால் ஜாக்கி தூக்குவதற்குத் தகுதியானது. தாங்குவதற்கு அப்போதும் ஸ்டாண்ட்தான். கோடு மறுபடியும் கழுத்துக்குள் போயிருந்தால், தெரிந்த மெக்கானிக்கிடம் வால்வையும் சீலையும் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் இறங்குகிற ஜாக்கியை யாருக்கும் இரவல் கொடுக்காமல், எண்ணெயை வடித்துவிட்டுப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடுங்கள்.